நான் டெலீட் பண்ண ஷாம்பு போஸ்ட்

போன மாசம் கரூர்ல இருந்து திண்டுக்கல்லுக்கு கார்ல போயிட்டு இருந்தோம். பக்கத்து சீட்டுல அக்கா பையன், ப்ளஸ் டூ எழுதி முடிச்சுட்டு ரிசல்ட்டுக்கு காத்துட்டு இருக்கான், அதனால உலகத்துல எத பத்தியும் கவலை இல்லாத ஒரு மூடு. வண்டில ப்ளூடூத் அவன் கண்ட்ரோல். திடீர்னு லிங்கின் பார்க்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட பாட்டு போட்டான், அதுவும் பழைய ஹிட் ஆல்பம் ஹைப்ரிட் தியரி இல்ல, மீட்டியோரா இல்ல, 2017ல வந்த ஒன் மோர் லைட். மொத ட்ராக்ல இருந்து கடைசி ட்ராக் வரைக்கும் ஒன்னு கூட ஸ்கிப் பண்ணல. பத்து பாட்டு, முப்பத்தஞ்சு நிமிஷம், அரவக்குறிச்சி தாண்டி கொஞ்ச தூரத்துல ஆல்பமே முடிஞ்சிடுச்சு. முடிஞ்சதும் திரும்பி, "மாமா, இவங்களோடதுல இதுதான் பெஸ்ட்டு, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டான். நான் ரோட்ட பாத்துட்டே "ம்... நல்ல ஆல்பம்டா"ன்னு சொன்னேன்.

பொய். பச்சப் பொய். அந்த ஆல்பம் எனக்கு புடிக்காது. வந்த அன்னைக்கும் புடிக்கல, அன்னைக்கு கார்லயும் புடிக்கல. பதினேழு வயசு பையன்கிட்ட இத சொல்ல எனக்கு என்ன பயம்? அவன் என்ன பண்ணிடப் போறான்? வேடசந்தூர் வர்ற வரைக்கும் இதையே யோசிச்சுட்டு வந்தேன், அப்புறம் வீட்டுக்கு வந்தும் யோசிச்சேன், இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன்.

பதினேழு செகண்ட்

லிங்கின் பார்க் யாரு என்னன்னு இத படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2000க்கு அப்புறம் இங்க இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல இருந்த யாரா இருந்தாலும் இவங்களோட இன் தி எண்ட், நம்ப்ங்கற ரெண்டு பாட்டும் ஹாஸ்டல் நெட்வொர்க்கான லேன்ல ஷேர் பண்ண ஃபோல்டர்ல இருந்து காதுக்கு வந்திருக்கும், இங்கிலீஷ் பாட்டே கேக்காதவனுக்கும் அந்த கோரஸ் மட்டும் தெரியும், வரி புரியாது ஆனா கத்துவான். நானும் அப்படித்தான் உள்ள வந்தேன். 2007ல மினிட்ஸ் டு மிட்நைட் வந்தப்ப நான் செகண்ட் இயர். எங்க ரூம்ல அன்னைக்கு ராத்திரி பெரிய பஞ்சாயத்து. ராப் எங்க போச்சு, ராப் பண்ற மைக் ஷினோடா எங்க போனாரு, இது என்ன யூடூ பேண்ட் மாதிரி இருக்கு, ரிக் ரூபின்னு ஒரு புரொட்யூசர கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாங்கன்னு என் ரூம்மேட் தீர்ப்பே எழுதிட்டான். "முடிஞ்சு போச்சு மச்சான், இவங்க கத முடிஞ்சு போச்சு."

அந்த ஆல்பத்துல அவன் மன்னிச்ச ஒரே பாட்டு கிவன் அப். ஏன்னா அதுல பேண்டோட மெயின் பாடகர் செஸ்டர் பெனிங்டன் ஒரே மூச்சுல பதினேழு செகண்ட் கத்துவாரு. நாங்க போன் ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்தோம். அப்புறம் நாங்களும் ட்ரை பண்ணோம், எங்க ரெக்கார்ட் ஆறு செகண்ட், ஏழாவது செகண்ட்ல வார்டன் கதவ தட்டுனாரு. அந்த பதினேழு செகண்ட் எங்களுக்கு ஒரு சான்றிதழ் மாதிரி. இவரு இன்னும் நம்ம ஆளுதான், இன்னும் வலிக்குது இவருக்கு, அப்படின்னு. இத அப்ப நான் இந்த மாதிரி யோசிக்கல, சும்மா செம்ம கத்து கத்துறாருடான்னு மட்டும்தான் தோணுச்சு.

2010ல அ தௌசண்ட் சன்ஸ். நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல, அவன் பெங்களூருல. போன் பண்ணான். "மச்சான், இவனுங்க அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் குரல எல்லாம் போட்டு கீதை சொல்ல வெச்சுட்டு இருக்கானுங்க, கிட்டார் எங்கடா?" ஆல்பம் பேரே கீதையில இருந்து வந்ததுதான், ஆயிரம் சூரியன் ஒரே நேரத்துல உதிச்சா எப்படி இருக்கும்ங்கற அந்த விஸ்வரூப வர்ணனை, நம்ம வீட்டு பூஜை ரூம்ல இருந்த புஸ்தகம் கலிஃபோர்னியா சுத்தி எங்க ஹெட்போனுக்குள்ள வந்திருக்கு, நாங்க கிட்டார் காணோம்னு அழுதுட்டு இருந்தோம். அஞ்சாறு வருஷம் கழிச்சு அதே ரூம்மேட் எனக்கு மெசேஜ் பண்ணான், அதுதான் அவங்க பண்ணதுலயே துணிச்சலான ஆல்பம்னு. நான் பழசெல்லாம் ஞாபகப்படுத்தல. ஃபேன்னா இப்படித்தான். மொத வாரம் திட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு கிளாசிக். லிவிங் திங்ஸ், ஹண்டிங் பார்ட்டி ரெண்டு ஆல்பத்தையும் இங்க விட்டுடறேன், ஹண்டிங் பார்ட்டில கிட்டார் திரும்ப வந்துச்சு, ரூம்மேட் சமாதானம் ஆனான், அவ்ளோதான்.

கூந்தல் பறக்குது

2017 பிப்ரவரில ஹெவி வந்துச்சு. பேரு ஹெவி, பாட்டு காத்து மாதிரி லைட். கியாராங்கற பாடகி கூட சேந்து பாடுன மெதுவான பாப் பாட்டு. கமெண்ட்ல எல்லாம் இதையே ஜோக்கா போட்டு தீத்தாங்க. மே 19க்கு ஒன் மோர் லைட் முழு ஆல்பமா வந்துச்சு, ஒரு பாட்டுல கூட கத்தல் இல்ல. ஒரு பாட்டு, பேட்டில் சிம்பொனி, பேர கேட்டா போர்க்களம், கேட்டா மொபைல் கம்பெனி விளம்பரம். அது எப்படி உருவாச்சுன்னு அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் மியூசிக் மொதல்ல, வரி அப்புறம். இந்த தடவ தலகீழா, வரியும் பாடுற மெட்டும் மொதல்ல, மத்தது எல்லாம் அது மேல போட்ட துணி. பாட்டு எழுதறதுக்கும் வெளியில இருந்து ஆள் வந்தாங்க, ஹெவிக்கு ஜூலியா மைக்கேல்ஸ், ஜஸ்டின் ட்ரான்டர்னு பாப் உலகத்துல ஹிட் குடுத்துட்டு இருந்த ஆளுங்க. இது போதாதா எங்களுக்கு? செல்அவுட். வித்துட்டாங்க. காசுக்காக பண்ணிட்டாங்க.

செஸ்டருக்கு இந்த வார்த்தை ரொம்ப சுருக்குன்னு பட்டுச்சு. அப்ப குடுத்த பேட்டிகள்ல, பாட்டு புடிக்கலன்னா பரவால்ல, ஆனா காசுக்காக திட்டம் போட்டு பண்ணோம்னு சொன்னா மூஞ்சிலயே குத்துவேன்ங்கற அளவுக்கு போனாரு. ஹைப்ரிட் தியரியையே இன்னும் எத்தன நாள் பேசுவீங்க, நகருங்கப்பான்னும் சொன்னாரு. அத படிச்சு நாங்க இன்னும் கடுப்பானோம். யார பாத்து நகருங்கறாரு இவரு? லேன் ஃபோல்டர்ல இருந்து கூட வந்தவங்கள பாத்தா?

அந்த வாரம் நான் ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போட்டேன். முழுசா இப்ப ஞாபகம் இல்ல. "ஷாம்பு விளம்பரத்துக்கு போட்ட மியூசிக்ல யாரோ தப்பா லிங்கின் பார்க் பேர எழுதிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சு, கூந்தல் பறக்குது, ஸ்லோ மோஷன்ல திரும்பி பாக்குறாங்கன்னு நாலஞ்சு வரி ஓட்டியிருந்தேன். அறுவது லைக் கிட்ட வந்துச்சு, என் கணக்குக்கு அது பெரிய ஹிட்டு. ரூம்மேட் அவன் பக்கத்துல தனியா இன்னும் மோசமா ஒன்னு எழுதினான், அத இங்க எழுத முடியாது.

ஒன்னு சொல்லணும். அந்த ஆல்பம் வர்றதுக்கு முந்தின நாள், மே 18, ராக் பாடகர் கிறிஸ் கார்னெல் இறந்துட்டாரு, செஸ்டரோட நெருங்குன நண்பர். அன்னைக்கு சாயங்காலம் அமெரிக்க டிவில ஜிம்மி கிம்மல் ஷோல ஹெவி பாடறதாத்தான் பிளான். அத மாத்தி ஒன் மோர் லைட்ங்கற பாட்ட பாடுனாங்க. அந்த வீடியோவ நான் அப்பவே பாத்தேன். குரல் உடையுது, கண்ணு நிக்க மாட்டேங்குது, பாத்தேன், பாவம்னு நெனச்சேன், ரெண்டு நாள் கழிச்சு ஷாம்பு போஸ்ட் போட்டேன். ரெண்டுக்கும் நடுவுல எந்த முரண்பாடும் எனக்கு தெரியல.

சாவு வீட்டு சாப்பாடு

ஜூலை 20. நம்ம ஊர் நேரத்துக்கு நடுராத்திரிய ஒட்டி நியூஸ் வந்துச்சு. செஸ்டர் இறந்துட்டாரு, தற்கொலை, வயசு 41. அன்னைக்கு கிறிஸ் கார்னெல் பொறந்த நாள். டாக்கிங் டு மைசெல்ஃப் பாட்டு வீடியோ அதே நாள்லதான் வெளிய வந்திருந்துச்சு.

நான் மொதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? அழல. பாட்டு போடல. ரூம்மேட்டுக்கு போன் பண்ணல. என் ப்ரொஃபைலுக்குள்ள போய், ரெண்டு மாசம் கீழ ஸ்க்ரோல் பண்ணி, அந்த ஷாம்பு போஸ்ட்ட டெலீட் பண்ணேன். கை நடுங்குச்சு. வீட்ல எல்லாரும் தூங்குறாங்க, நான் ஹால்ல இருட்டுல ஒக்காந்துட்டு ஏதோ தடயத்த அழிக்கிற மாதிரி. டெலீட் ஆனதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம் வந்துச்சு, அழுக உட்பட. இதுதான் ஒன்பது வருஷம் ஆகப் போகுது, இன்னும் தொண்டைல நிக்குற முள்ளு. போஸ்ட் போட்டது இல்ல. டெலீட் பண்ணது.

மறுநாள் ரூம்மேட் போன் பண்ணான். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் கேட்டான், "உன் போஸ்ட்ட காணோமேடா?" தூக்கிட்டேன்னேன். "ஏன்?" ஏன்னா என்னடா ஏன், ஆளே போயிட்டாரு, அந்த நேரத்துல அது அங்க இருந்தா நல்லாவா இருக்கும்னு கத்துனேன். அவன் போஸ்ட் அப்படியே இருந்துச்சு. அவன் எடுக்க மாட்டேன்னுட்டான். அப்ப அவன் சொன்னத நான் மறக்கவே இல்ல. "சாவு வீட்டுல சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொல்லக் கூடாது மச்சான், கரெக்ட். நானும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக உப்பு வந்துடாது." கோவத்துல போன வெச்சுட்டேன், ஒரு மாசம் பேசல.

அந்த ஒரு மாசத்துல என்ன நடந்துச்சுன்னா, உலகம் பூரா உப்பு வந்துடுச்சு. மே மாசம் குப்பைன்னு எழுதுன அதே ஆளுங்க ஆகஸ்ட்ல மாஸ்டர்பீஸ்ங்கறாங்க. ஒவ்வொரு வரியிலயும் ஒரு தடயம் கண்டுபுடிக்கிறாங்க, நோபடி கேன் சேவ் மீ, என்ன யாராலயும் காப்பாத்த முடியாதுங்கற பாட்டு பேரே போதும், பாருங்க அவரு சொல்லிட்டுத்தான் இருந்திருக்காருன்னு. எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு, கேக்காம எப்படி? வலிக்குதுன்னு கத்துனப்ப ஸ்டாப்வாட்ச் வெச்சு கை தட்டுனோம், அதே ஆளு சாதாரண குரல்ல ஒக்காந்து வலிக்குதுன்னு சொன்னப்ப ஷாம்புன்னோம். இந்த வரிய நான் அந்த வருஷமே ஒரு டைரில எழுதி வெச்சேன், எழுதினதும் ஏதோ பெரிய உண்மைய கண்டுபுடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப படிச்சா அதுல ஒரு ஓரத்துல பெருமையும் இருக்கு. நாங்க திட்டுனதாலதான் அவரு போனாருங்கற மாதிரி, எங்க கமெண்ட்டுக்கு அவ்ளோ சக்தி இருக்குங்கற மாதிரி. சின்ன வயசுல நடந்த கொடுமை, குடி, போதை, மனச்சோர்வுன்னு அந்த மனுஷன் எத்தனையோ வருஷமா வெளிப்படையா பேசிட்டு இருந்தாரு. அது அவரோட நோய், அவரோட வாழ்க்கை, என்னோட அறுவது லைக் அதுல எங்கயும் வராது. குத்த உணர்ச்சியிலயும் நம்மளயே ஹீரோவாக்கிக்கிறோம், என்ன பொழப்பு இது.

இன்னொன்னும் உறுத்துச்சு. ஒன் மோர் லைட் பாட்டு அவருக்காக எழுதுனது இல்ல. அவங்க ரெக்கார்ட் கம்பெனில ரொம்ப காலம் கூட வேல பாத்த ஒரு தோழி கேன்சர்ல போனாங்க, அவங்களுக்காக மைக் ஷினோடாவும் எக் வைட்ங்கற பாட்டு எழுதறவரும் சேந்து எழுதுனது. லட்சக்கணக்கான நட்சத்திரத்துல ஒன்னு அணைஞ்சா யாருக்கு என்னன்னு கேட்டு, எனக்கு இருக்கு கவலைன்னு பதில் சொல்ற பாட்டு. மே 18 அன்னைக்கு அது கார்னெலுக்கு போச்சு, ஜூலைக்கு அப்புறம் பாடுனவருக்கே போச்சு. சரி, பாட்டுன்னா அப்படி கை மாறத்தான் செய்யும், ஒப்பாரி கூட யாருக்கோ கட்டுனத யாருக்கோ பாடுறதுதான். ஆனா மொதல்ல அது யாருக்கு ஏத்துன விளக்கோ அந்த அம்மாவ இப்ப யாரும் நெனைக்கிறதில்ல.

சரி, ஆல்பம் நல்லாருக்கா இல்லையா

இதுக்கு நேரா பதில் சொல்லிடறேன், சொல்லாம தப்பிச்சுட்டே இருந்ததாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன். ஒன் மோர் லைட் பாட்டு, அது பெரிய பாட்டு, 2017 மே மாசமே பெரிய பாட்டுதான், நான்தான் கவனிக்கல. ஹாஃப்வே ரைட்ட யாருமே பேச மாட்டேங்குறாங்க, சின்ன வயசு ஆட்டத்த ஒரு பெரிய மனுஷன் திரும்பி பாக்குற மாதிரி, எனக்கு நாப்பது நெருங்க நெருங்க அது ஒட்டிக்குது. ஷார்ப் எட்ஜஸ் அம்மா சொல்றத கேக்காத பையன் பாட்டு, பரவால்ல. சாரி ஃபார் நௌல மைக் பாடுறாரு, செஸ்டர் ராப் பண்றாரு, வேலய மாத்திக்கிட்டாங்க, ஐடியா நல்லாருக்கு பாட்டு நல்லால்ல. பேட்டில் சிம்பொனி, இன்விசிபிள், இதெல்லாம் இன்னைக்கும் எனக்கு கூந்தல் பறக்குற பாட்டுதான். மன்னிக்கணும். டிசம்பர்ல லைவ் ஆல்பம் ஒன்னு வந்துச்சு, அந்த வருஷ யூரோப் டூர்ல பதிவு பண்ணது. அதுல இதே நோபடி கேன் சேவ் மீய கேட்டுப் பாருங்க, டிரம்ஸ் நெஜமா அடிக்குது, குரல் அங்கங்க கிழியுது, ஆளுங்க கூட பாடுறாங்க. ஸ்டூடியோல ஒவ்வொரு மூச்சையும் இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருந்தாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. அதாவது என் புகார்ல பாதி தப்பு, பாதி கரெக்ட். டெலீட் பண்ணப்ப ரெண்டு பாதியும் சேந்து போயிடுச்சு.

திரும்பி வர்ற வழி

2024 செப்டம்பர்ல பேண்டுக்கு புது பாடகியா எமிலி ஆம்ஸ்ட்ராங் வந்தாங்க. எம்ப்டினெஸ் மெஷின் பாட்டுல மொதல்ல மைக்தான் பாடுவாரு, ரெண்டாவது சரணத்துல தான் அவங்க குரல் உள்ள வரும். பழைய வீட்டுக்குள்ள புதுசா வர்றவங்கள கைய புடிச்சு கூட்டிட்டு வர்ற மாதிரி ஒரு ஏற்பாடு, அத யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா நான் நவம்பர்ல புது ஆல்பம் ஃப்ரம் ஸீரோ வந்து ரெண்டு மாசம் கேக்கல. கேட்டவங்க ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க, செஸ்டர் எடத்துல யாரும் நிக்க கூடாதுங்கறது ஒரு பக்கம், பாட்டு நல்லாத்தான் இருக்கு விடுங்கறது இன்னொரு பக்கம். அதுல ஒரு புகார் எனக்கு சிரிப்பு வந்துச்சு. டூ ஃபேஸ்ட் பாட்டெல்லாம் கேட்டுட்டு, இது என்ன ஹைப்ரிட் தியரில வந்த ஒன் ஸ்டெப் க்ளோசர் காலத்துலயே இருக்கு, பழசையே காப்பி அடிக்கிறாங்கன்னாங்க. பதினேழு வருஷம் பழைய மாதிரி பண்ணு பழைய மாதிரி பண்ணுன்னு கழுத்த நெரிச்ச கூட்டம் இது, இதுல நானும் உண்டு.

அக்கா பையன் இவங்ககிட்ட வந்ததே அப்பதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற வீடியோ கேமோட வேர்ல்ட் சாம்பியன்ஷிப்புக்கு ஹெவி இஸ் தி க்ரௌன் பாட்டு, அதுல இருந்து எமிலி, எமிலில இருந்து பின்னாடி நடந்து செஸ்டர். 2017ல அவனுக்கு ஒன்பது வயசு. அவனுக்கு லேன் ஃபோல்டரும் தெரியாது, அந்த ஜூலை ராத்திரியும் தெரியாது. அவன் ஒன் மோர் லைட்ட கேக்கறப்ப ஹைப்ரிட் தியரிக்கு துரோகமாவும் கேக்கல, கடைசி கடிதமாவும் கேக்கல. சும்மா பத்து பாட்டா கேக்குறான். எனக்கு அவன் மேல கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு திண்டுக்கல்ல இருந்து திரும்பி வர்றப்ப சொல்லிட்டேன். "டேய், அந்த ஆல்பம் எனக்கு புடிக்காதுடா. அன்னைக்கு சும்மா சொன்னேன்." அவன் ஒன்னும் அதிர்ச்சி ஆகல. "தெரியும் மாமா, உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு." அப்புறம் ஷாம்பு கதைய முழுசா சொன்னேன், டெலீட் பண்ணது வரைக்கும். கூந்தல் பறக்குதுன்ன எடத்துல சிரிச்சுட்டான். "பேட்டில் சிம்பொனிக்கு ஓகே மாமா, அத ஒத்துக்கறேன். மத்ததுல கை வெக்காதீங்க." ரூம்மேட் போஸ்ட் இன்னும் இருக்கான்னு கேட்டான். இருக்கு. வருஷா வருஷம் ஜூலை 20க்கு யாராவது அதத் தோண்டி எடுத்து, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கான்னு கீழ திட்டுவாங்க, அவனும் ஒவ்வொரு வருஷமும் "அஞ்சலி. ஆல்பம் புடிக்கல" அப்படின்னு மூணே வார்த்தையா பதில் போடுவான். பையன் என் போன வாங்கி அத மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சான், அந்த எழுத முடியாத வரி உட்பட, அக்காவுக்கு தெரிஞ்சா என்ன தொலச்சுடும். படிச்சுட்டு கேக்காம கொள்ளாம என் பேர்லயே ஒரு கமெண்ட் தட்டி விட்டான்: "ஹாஃப்வே ரைட்ட திரும்ப கேளுங்க அங்கிள்."

டோல்கேட் க்யூல நிக்கிறப்ப பதில் வந்துச்சு. "யாருக்குடா அங்கிள்?" ஒரு நிமிஷம் கழிச்சு அதுக்கு கீழ இன்னொன்னு. "கேட்டுட்டேன். அது ஒன்னு நல்லாருக்கு. மத்தது ஷாம்பு."